‘அவுட் ஆஃப் சிலபஸ்’: நுழைவுத் தேர்வின் எல்லையை யார் வரைவது?

2024 ஏப்ரல் 18, 19 தேதிகளில் கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி. நடந்தது. முதல் நாள் உயிரியலும் கணிதமும், மறுநாள் இயற்பியலும் வேதியியலும். பாடத்துக்கு 60 கேள்வி வீதம் மொத்தம் 240. தேர்வறையை விட்டு வெளியே வந்த பிள்ளைகள் கடினம், எளிது என்பதைப் பற்றிப் பேசவில்லை. “இது நம்ம போர்ஷன்லயே இல்லையே” என்பதுதான் பேச்சாக இருந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்து நீக்கப்பட்ட பகுதிகளில் கேள்விகள் வந்திருந்தன. போராட்டம் நடந்தது, வல்லுநர் குழுக்கள் உட்கார்ந்து வினாத்தாளைப் பார்த்தன. கடைசியில் கர்நாடகத் தேர்வு ஆணையம் 50 கேள்விகளை மதிப்பீட்டிலிருந்து விலக்கியது: கணிதத்தில் 15, வேதியியலில் 15, உயிரியலில் 11, இயற்பியலில் 9. மறுதேர்வு கிடையாது, மிச்சமிருந்த 190 கேள்விகளைக் கொண்டே தரவரிசை என்று முடிவானது.

ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கேள்விகள் எல்லைக்கு வெளியே போய்விட்ட ஒரு தேர்வு, எல்லையைப் பற்றிய பழைய கேள்வியைத் திரும்பவும் எழுப்பியது. கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு எதையெல்லாம் உள்ளடக்க வேண்டும்? பள்ளியில் நடத்திய பாடத்தையா, பாடத்தைத் தாண்டிய சிந்தனைத் திறனையா? அப்படி ஒரு தேர்வே தேவையா? ஒரு நூற்றாண்டாக வெவ்வேறு நாடுகளும் மாநிலங்களும் இதற்கு வெவ்வேறு பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கின்றன.

ஒரே மாணவர், நான்கு எல்லைகள்

எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் நடுவில், ஓசூர் சாலையில் இருக்கிறது ஹெப்பகோடி. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்கள் கலந்து வாழும் ஊர். இங்கே செகண்ட் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) அறிவியல் படிக்கும் ஒருவர் எழுத வாய்ப்புள்ள தேர்வுகளை வரிசைப்படுத்தினாலே சிக்கல் புரியும். அரசு ஒதுக்கீட்டுப் பொறியியல் இடங்களுக்குச் சி.இ.டி. தனியார் பொறியியல் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்துவது காமெட்-கே. மருத்துவத்துக்கு நீட். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கு ஜே.இ.இ.

நான்கும் ஏறத்தாழ ஒரே இயற்பியலையும் வேதியியலையும்தான் கேட்கின்றன. ஆனால் கேட்கும் விதம் ஒன்றல்ல. சி.இ.டி.யில் 60 கேள்விக்கு 80 நிமிடம். ஒரு கேள்விக்கு 80 வினாடி. காமெட்-கே 180 கேள்விகளை மூன்று மணி நேரத்தில் கேட்கிறது. கேள்விக்கு ஒரு நிமிடம். 2025 முதல் நீட்டும் 180 கேள்விக்கு 180 நிமிடம் என்ற பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டது. ஜே.இ.இ. மெயின் மூன்று மணி நேரத்தில் கேட்பது 75 கேள்விகள்தாம். ஒன்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் கிடைக்கும். நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் நெகட்டிவ் மார்க் உண்டு. சி.இ.டி.யிலும் காமெட்-கேயிலும் இல்லை.

ஒரு நிமிடத்தில் விடை கேட்கும் தேர்வு நினைவாற்றலுக்கும் பழகிய கைக்கும் சாதகம். இரண்டரை நிமிடம் தரும் தேர்வில் யோசித்துப் போடவும் இடமுண்டு. ஆக, ஒரே பாடப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு வேறு திறன்களை அளக்க முடியும். பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த வேறுபாடு படாது.

அதே நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிளஸ் டூ கணித மதிப்பெண் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு எனச் சுருக்கி, 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள்.

முதல் நிலைப்பாடு: நடத்தியதைத்தான் கேட்க வேண்டும்

இது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் நிலைப்பாடு. பாடத்திட்டம் என்பது தேர்வு நடத்துபவருக்கும் எழுதுபவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அதை மீறிக் கேட்டால் கோச்சிங் வசதியுள்ளவர் பிழைத்துக்கொள்வார், பள்ளியை மட்டும் நம்பியவர் திணறுவார். சி.இ.டி. விவகாரத்தில் மாணவர்கள் பிடித்து நின்ற வாதமும் இதுதான்.

அமெரிக்காவில் இந்த வாதத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் அயோவா பல்கலைக்கழகத்தின் எவரெட் லிண்ட்குவிஸ்ட். பள்ளியில் கற்றதை அளப்பதே கல்லூரிச் சேர்க்கைக்கு உகந்தது என்ற எண்ணத்தில் 1959-இல் ஏ.சி.டி. தேர்வு தொடங்கப்பட்டது. ஆங்கிலம், கணிதம், சமூக அறிவியல், இயற்கை அறிவியல் எனப் பள்ளிப் பாடங்களை ஒட்டியே அது அமைந்தது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், பாடத்திட்டம் நிலையாக ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. கொரோனாவுக்குப் பிறகு என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைத்தபோது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் போன்ற அத்தியாயங்கள் போயின. இயற்பியலில் தகவல் தொடர்பு அமைப்புகளும், உயிரியலில் சுற்றுச்சூழல் சிக்கல்களும் நீக்கப்பட்டன. தேசிய மருத்துவ ஆணையமும் ஜே.இ.இ. நடத்துவோரும் 2024 தேர்வுகளுக்கான தங்கள் பட்டியல்களைத் திருத்தி 2023 இறுதியில் வெளியிட்டார்கள். புத்தகம் மாறும் வேகத்துக்கு வினாத்தாள் தயாரிப்பவரின் கையேடும் மாற வேண்டும். சி.இ.டி.யில் அது நடக்கவில்லை.

அதே ஆண்டு நீட் இயற்பியல் தாளில் வந்த ஒரு கேள்வி இன்னும் நுட்பமான சிக்கலைக் காட்டியது. அணுக்களைப் பற்றி இரண்டு கூற்றுகள் தரப்பட்டிருந்தன. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்பது அவற்றில் ஒன்றன் சாரம். கதிரியக்கத் தனிமங்கள் இருப்பதால் அறிவியல்படி அது சரியல்ல. ஆனால் என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய பதிப்பு அப்படித்தான் எழுதியிருந்தது. புதிய பதிப்பில் அது திருத்தப்பட்டுவிட்டது. பழைய புத்தகத்தில் படித்தவர்களை மனத்தில் வைத்து தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் கேட்டபடி ஐ.ஐ.டி. டெல்லி மூவர் குழுவை அமைத்தது. ஒரே விடைதான் சரி என்று குழு சொன்னது. மற்ற விடையைக் குறித்திருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண் குறைந்தது. முழு மதிப்பெண் பெற்றிருந்த 44 பேரும் அதில் அடக்கம்.

அக்காவின் புத்தகத்தைத் தம்பி படிப்பது நம் வீடுகளில் சாதாரணம். ‘பாடப்புத்தகத்தில் உள்ளதே எல்லை’ என்று சொல்லும்போது, எந்தப் பதிப்பு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: திறனை அளக்க வேண்டும்

இதன் வாதம் நேர் எதிரானது. பள்ளிகள் சமமாக இல்லாதபோது, பள்ளிப் பாடத்தைக் கேட்டால் நல்ல பள்ளியில் படித்தவரே ஜெயிப்பார். எங்கே படித்தாலும் உள்ளே இருக்கும் திறனைக் கண்டுபிடிக்கும் தேர்வு வேண்டும். 1926-இல் பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகாம் தலைமையில் உருவான எஸ்.ஏ.டி. இந்த நம்பிக்கையின் குழந்தை. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பயன்படுத்திய நுண்ணறிவுச் சோதனைகளே அதற்கு முன்மாதிரி. இனங்களுக்கிடையே பிறவி அறிவு வேறுபடுகிறது என்று 1923-இல் நூல் எழுதிய பிரிகாம், 1930-இல் தம் முடிவுகள் தவறென்று தாமே ஒப்புக்கொண்டார். அவர் கருத்தை மாற்றிக்கொண்ட பிறகும் தேர்வு தொடர்ந்தது.

திறன் என்பதைக் கோச்சிங்கால் கூட்ட முடியாது என்பது இந்த நிலைப்பாட்டின் ஆதார நம்பிக்கை. நடைமுறையில் அது நிற்கவில்லை. 2001-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எஸ்.ஏ.டி.யின் சொல் ஒப்புமைக் கேள்விகளுக்குப் பயிற்சி எடுப்பதைச் சுட்டிக்காட்டி, பாடம் சார்ந்த தேர்வுக்கு மாற வேண்டும் என்றார். அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வும், பாடவாரித் தேர்வுகளே முதலாண்டுச் செயல்பாட்டைச் சற்றுக் கூடுதலாகக் கணிக்கின்றன என்று கண்டது. 2005-இல் ஒப்புமைக் கேள்விகள் நீக்கப்பட்டன. 2016 மாற்றத்துக்குப் பிறகு எஸ்.ஏ.டி. பள்ளிப் பாடத்தை இன்னும் நெருங்கி வந்தது. தேர்வின் பெயரிலிருந்த ‘ஆப்டிட்யூட்’ அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது.

இந்தியாவில் இந்த நிலைப்பாட்டுக்கு நெருக்கமாக நிற்பது ஐ.ஐ.டி. தேர்வு. பாடப்பகுதி பள்ளியுடையதுதான், ஆனால் இரண்டு மூன்று கருத்துகளைக் கோத்துப் புதிதாகக் கேட்பதே அதன் வழக்கம். 2005 வரை விரித்து எழுதும் விடைகளும் இருந்தன. 2006-இல் முற்றிலும் கொள்குறி வகைக்கு மாறியது. கோச்சிங் பிடியைத் தளர்த்த, இரண்டு முறைக்கு மேல் எழுதக் கூடாது என்ற விதியும் வந்தது. அதற்குப் பிறகும் ராஜஸ்தானின் கோட்டா நகரக் கோச்சிங் தொழில் வளர்ந்துகொண்டேதான் போனது. பாடத்தைத் தாண்டிய கேள்விக்கும் பயிற்சி கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேட வேண்டியதில்லை.

மூன்றாம் நிலைப்பாடு: தேர்வே வேண்டாம்

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-இல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100 என்று 300-க்குத் தரவரிசை போட்டார்கள். நகர்ப்புற, வசதியுள்ள பிள்ளைகளுக்கே அது சாதகம் என்ற விமர்சனம் வலுத்தது. 2005-இல் அதை நீக்கிய அரசாணை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு எம். அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை அடிப்படையாகக் கொண்டு சட்டமியற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்று, 2007-இல் நீக்கினார்கள். அந்தச் சட்டம் நிலைத்தது.

மருத்துவத்தில் மட்டும் 2017 முதல் நீட் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை, நீட்டுக்குப் பிறகு தமிழ்வழியிலும் மாநிலப் பாடத்திட்டத்திலும் படித்தவர்களின் பங்கு மருத்துவக் கல்லூரிகளில் குறைந்ததாகச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்திருந்தது. விலக்கு கோரிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது.

இலங்கை இந்தப் பாதையில் வெகுகாலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே பொதுவான நுழைவுத் தேர்வு தனியாக இல்லை. உயர்தரப் பரீட்சையே பல்கலைக்கழக வாசல். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலில், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்மொழி மூல மாணவர்கள் சிங்களமொழி மூல மாணவர்களைவிடக் கூடுதல் புள்ளி பெற வேண்டியிருந்தது. அதன் காயம் ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. 2001 முதல், பாடத்தின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்று கணக்கிடும் இசட் புள்ளி முறை வந்தது. இடங்களில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணக்கிட்டதை, அடுத்த ஆண்டு இலங்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தனித் தேர்வை எடுத்துவிட்டாலும் பாடத்திட்டச் சண்டை ஓய்வதில்லை. பள்ளித் தேர்வுக்குள் இடம் மாறுகிறது.

இந்த நிலைப்பாட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வெவ்வேறு வாரியங்களில் படித்தவர்களை ஒரே வரிசையில் எப்படி நிறுத்துவது? தவிர, பொதுத்தேர்வு மதிப்பெண்ணே எல்லாம் என்றானால், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம்கட்டிப் பன்னிரண்டாம் வகுப்பையே இரண்டு ஆண்டும் உருப்போட வைக்கும் பள்ளிகளும் முளைக்கும். தமிழ்நாடு இதை நேரிலேயே பார்த்தது.

நான்காம் நிலைப்பாடு: இரண்டையும் கலப்பது

கர்நாடகம் தேர்ந்தெடுத்தது நடுவழி. 1994-இல் சி.இ.டி. பிரிவு அமைந்த மாநிலத்தில், இன்று பொறியியல் தரவரிசைக்குப் பி.யு.சி. பாட மதிப்பெண் பாதி, சி.இ.டி. பாதி. ஆண்டு முழுவதும் வகுப்பைக் கவனித்தவரும், ஒரு நாளில் வேகமாக யோசிப்பவரும் இரண்டு பேரும் மதிக்கப்படுவார்கள் என்பது எதிர்பார்ப்பு.

கலவையின் பலவீனம் 2022-இல் வெளிப்பட்டது. கொரோனாவால் 2021-இல் பி.யு.சி. தேர்வு நடக்காமல் மதிப்பெண் மட்டும் வழங்கப்பட்டது. அந்த ஆண்டு சி.இ.டி. மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்கை நடந்தது. மறுபடியும் எழுத வந்த அந்த அணியின் பி.யு.சி. மதிப்பெண்ணை 2022-இல் ஆணையம் கணக்கில் எடுக்க மறுத்தது. ஆயிரக்கணக்கானோரின் தரவரிசை சரிந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஆணையத்தின் முடிவை ரத்து செய்தார். கடைசியில், அவர்களுடைய மதிப்பெண்ணில் பாடத்துக்குச் சில மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளும் சூத்திரத்தை நீதிபதிகள் அமர்வு ஏற்றது.

கேரளத்தில் 2025-இல் நடந்ததும் இதே வகை. வெவ்வேறு வாரிய மதிப்பெண்களைச் சமன்படுத்தும் சூத்திரத்தைத் தேர்வு முடிந்த பிறகு மாற்றிய அரசின் முடிவை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. தரவரிசை புதிதாக வெளியானது. ஜே.இ.இ. மெயினும் 2013 முதல் வாரிய மதிப்பெண்ணுக்கு 40 சதவீத எடை கொடுத்துப் பார்த்துவிட்டு, 2017-இல் கைவிட்டது. கலவை நியாயமாகத் தெரிந்தாலும், அதன் நியாயம் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சூத்திரம் என்னவென்று தேர்வுக்கு முன்பே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அச்சில் இல்லாத பாடத்திட்டம்

நான்கு நிலைப்பாடுகளும் எந்தப் பாடம் என்பதையே சுற்றி வருகின்றன. பட்டியலில் அச்சாகாத சில கூறுகளும் தேர்வின் எல்லையைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது, எடை. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் எந்த அலகுத் தொகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று அச்சிட்டிருக்கும். நீட், ஜே.இ.இ. பட்டியல்களில் அலகுகளும் தலைப்புகளும் மட்டும் இருக்கும். எதற்கு எவ்வளவு என்பதைப் பழைய வினாத்தாள்களை எண்ணித்தான் ஊகிக்க வேண்டும். கோச்சிங் மையங்கள் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் சரக்கில் இந்த எண்ணிக்கையும் ஒன்று.

இரண்டாவது, நேரம். சி.இ.டி. கணிதத் தாளை எடுத்துக்கொள்ளலாம். நீக்கப்பட்ட 15 கேள்விகளுக்குச் சராசரிக் கணக்கில் 20 நிமிடம் ஆகும். “இது வெளியிலிருந்து வந்தது” என்று உடனே கண்டுகொண்டு தாண்டிப் போனவருக்கு அந்த 20 நிமிடம் மிச்சம். விடாமல் மல்லுக்கட்டியவருக்கு நட்டம். கேள்விகளை விலக்கியதில் இருவருக்கும் மதிப்பெண் சமன் ஆனது, நேரம் ஆகவில்லை. பொறியியலுக்கான மூன்று பாடங்களின் மொத்தம் 180-இலிருந்து 141 ஆனதால், மிஞ்சிய ஒவ்வொரு சரியான விடையின் மதிப்பும் கால் பங்குக்குச் சற்று மேலேயே கூடியது. விலக்கிய கேள்விகள் அந்தத் தேர்வை இப்படி இரண்டு வழியில் மாற்றிவிட்டன.

மூன்றாவது, மொழி. 2018 நீட் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் முதலில் அதை நிறுத்திவைத்தது. நவம்பரில் ரத்து செய்தது. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது தேர்வு விதி. அந்த விதிப்படி பார்த்தால், தமிழ்த் தாள் எழுதுபவரின் போர்ஷனில் ஆங்கிலமும் ஓரளவு சேர்ந்துவிடுகிறது.

தீர்ந்ததும் தீராததும்

நான்கு நிலைப்பாடுகளில் எதையும் முழுமையாகத் தள்ளிவிட முடியவில்லை. பாடத்தை ஒட்டிய தேர்வே வெளிப்படையானது, பள்ளியை மதிப்பது என்பதற்கு ஓரளவு வலுவான ஆதாரம் இருக்கிறது, எஸ்.ஏ.டி. நகர்ந்த திசையும் அதைத்தான் காட்டுகிறது. பயிற்சியால் கூட்ட முடியாத தூய திறன் தேர்வு என்ற எண்ணத்துக்குத்தான் ஆதரவு மெலிந்துவிட்டது. தேர்வை நீக்குவது வாசலை அகலப்படுத்தும். வாரிய வேறுபாட்டைத் தீர்க்காது. அமெரிக்காவில் கொரோனாக் காலத்தில் எஸ்.ஏ.டி. கட்டாயத்தை நீக்கிய எம்.ஐ.டி. 2022-இலும் டார்ட்மத் 2024-இலும் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் கொண்டுவரவில்லை. ஒரே கேள்விக்கு, ஒரே நாட்டில், இரண்டு பதில்கள்.

கர்நாடகத்தின் 2024 அனுபவம் ஒரு குறுகிய கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது: எல்லை மீறிய பிறகு என்ன செய்வது? மீறாமல் தடுப்பது எப்படி என்பது வேறு வேலை. நடப்பு ஆண்டுப் பாடப்புத்தகத்தோடு ஒவ்வொரு கேள்வியையும் பொருத்திப் பார்க்கும் தனிச் சரிபார்ப்பு, எந்தப் பதிப்பு செல்லும் என்ற முன்னறிவிப்பு, அலகுவாரி எடையை அச்சிடுவது ஆகியவை பெரிய சட்டத் திருத்தம் கேட்காத காரியங்கள். வினாத்தாளின் ரகசியம் கெடாமல் இவற்றில் எவ்வளவு செய்யலாம் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு.

பெரிய கேள்வி தரவைச் சார்ந்தது. சி.இ.டி.யில் நல்ல இடம் பெற்றவர் முதலாண்டுப் பொறியியலில் எப்படிச் செய்கிறார்? பி.யு.சி. மதிப்பெண் அதைவிட நன்றாகக் கணிக்கிறதா? சேர்க்கை எண்கள் தேர்வு ஆணையத்திடமும், செமஸ்டர் முடிவுகள் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றிடமும் இருக்கின்றன. அவற்றை இணைத்துப் பார்த்தால்தான் ஐம்பதுக்கு ஐம்பது என்ற விகிதம் சரியா, அறுபதுக்கு நாற்பது பொருத்தமா என்று பேச முடியும். அதுவரை இந்த விகிதத்தை ஒரு நிர்வாகச் சமரசமாகவே கருத வேண்டியிருக்கிறது.